மவுண்ட் எமிலியின் தண்ணீரும் ஃபேரர் பார்க் புல்லும்

அன்புள்ள யாழினி,

ஃபேரர் பார்க் திடலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் வரப்போகும் செய்தி உன்னை எவ்வளவு கோபப்படுத்தியிருக்கிறது என்று உன் கடிதத்தின் எழுத்தே சொல்கிறது. "யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த இடம் முதலில் எப்படித் திடலாயிற்று என்று தெரிந்துகொண்டால், உன் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

நீ பந்து உதைக்கும் அந்த மண்ணில் 1840-களிலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால் வந்ததுதான். சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்ததும் அங்கேதான், 1911-இல். பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியதும் நடு நகரில் அவ்வளவு பெரிய வெட்டவெளி மிஞ்சியது. அது பொதுமக்களின் விளையாட்டுத் திடலாகி, 1919 முதல் 1931 வரை அன்றைய நகராட்சியான முனிசிபல் ஆணையத்தின் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயரைப் பெற்றது. 1942 பிப்ரவரி 17 அன்று சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அதே புல்வெளியில்தான். அவர்களில் பலர் பின்னர் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் கதையை உன் வரலாற்று ஆசிரியரிடம் கேட்டுப் பார். பேச்சு எப்படியும் ஃபேரர் பார்க்கில் வந்து நிற்கும்.

மவுண்ட் எமிலியின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தக் குன்றின் மேல் நகரத்துக்குக் குடிநீர் தேக்கும் தொட்டிகள் இருந்தன. ஃபோர்ட் கேனிங்கில் பெரிய நீர்த்தேக்கம் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. முனிசிபல் ஆணையம் அவற்றை இடித்து நிலத்தை விற்றிருக்கலாம். விற்கவில்லை. தொட்டியை நீச்சல்குளமாக மாற்றி 1931 ஜனவரியில் திறந்துவிட்டது. சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல்குளம் அது. அதற்கு முன் நீந்த வேண்டும் என்றால் கடலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கிளப்பில் சேர வேண்டும். ஐரோப்பியருக்கு ஒரு கிளப், சீனருக்கு ஒரு கிளப் என்று இருந்த காலம். ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளை காசு கொடுத்து, யாருடைய சிபாரிசும் இல்லாமல் குளத்தில் இறங்க முடிந்தது மவுண்ட் எமிலியில்தான். சைனாடவுனில் 1952-இல் திறந்த யான் கிட் குளமும் பழைய நீர்வடிகட்டு நிலையம் இருந்த இடத்தில் வந்ததுதான். மூன்றாவதாக, 1957-இல் ஃபேரர் பார்க் நீச்சல் வளாகம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார். அரசாங்கம் விளையாட்டுக்கென்று புதிதாக நிலம் வாங்குவது அபூர்வம். ஏற்கெனவே கையில் இருக்கிற நிலம், வேலை முடிந்து சும்மா கிடக்கும்போதுதான் திடலும் குளமும் பிறக்கின்றன. இங்கிலாந்தில் பர்கன்ஹெட் நகரம் 1847-இல் பொதுப்பணத்தில் பூங்கா அமைத்துத் திறந்தது; ஊர்ப் பணத்தை ஊர்மக்களின் பொழுதுக்காகச் செலவழிக்கலாம் என்ற எண்ணமே அப்போது புதுமை. இங்கே முனிசிபல் ஆணையத்துக்குப் பணம் தந்தவற்றில் சொத்து வரி முக்கியமானது. குளத்தில் நீந்தியவர்களில் பலருக்குச் சொத்தே கிடையாது. இருக்கிறவர் கொடுத்ததில் இல்லாதவர் நீந்தினார். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது சிங்கப்பூரில் நகராட்சி என்று தனியாக ஒன்று இல்லை. 1951-இல் நகர அந்தஸ்தும் சிட்டி கவுன்சிலும் வந்தன. 1957 தேர்தலுக்குப் பிறகு ஓங் எங் குவான் மேயரானார். 1959-இல் அந்தக் கவுன்சிலின் வேலைகளை மத்திய அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதனால்தான் யாரிடம் கேட்பது என்று உனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீச்சல்குளமும் விளையாட்டு அரங்கமும் ஸ்போர்ட் சிங்கப்பூர் பொறுப்பு. 1973-இல் விளையாட்டு மன்றமாகத் தொடங்கி 2014-இல் பெயர் மாறிய அமைப்பு அது. பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகம். சமூக மன்றத்துக்கு 1960-இல் அமைந்த மக்கள் கழகம். உன் புளோக்கின் கீழே இருக்கும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. மாதாமாதம் உன் அம்மா கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்த நிலம் எதற்கு என்று எழுதிவைப்பது நகர மறுசீரமைப்பு ஆணையம். ஃபேரர் பார்க் திடல் குடியிருப்புக்கு என்று 1998 பெருந்திட்டத்திலேயே குறிக்கப்பட்டுவிட்டது.

ஆமாம், நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே. 2021-இல் சுமார் 1,600 வீடுகள் என்ற அறிவிப்பு வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. ஃபேரர் பார்க் குளத்தை 2003-இலேயே மூடிவிட்டார்கள். புதிய திட்டத்தில் நீச்சல்குளத்தோடு ஒரு விளையாட்டு நிலையமும் வரும், திடலில் ஒரு பகுதி பசுமையாகவே இருக்கும் என்றார்கள். இளம் தம்பதிகளுக்கு நகருக்குள் வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து, வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். புல்டோசர் வந்தபின் எழுதும் நூறு கடிதங்களைவிட, வரைவு வெளியாகும் வாரத்தில் எழுதும் ஒரு கடிதத்துக்குப் பலன் அதிகம். வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள். உன் வயதில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

அடுத்தது பணம். கட்டுவது ஒருமுறைச் செலவு. குளத்துக்குத் தினமும் வடிகட்டும் இயந்திரம், குளோரின், உயிர்காப்பாளர் சம்பளம், குளியலறை துப்புரவு எல்லாம் வேண்டும். நுழைவுக்கட்டணம் இதில் சிறு பகுதியைத்தான் ஈடுகட்டும். மற்றதை அரசாங்கம்தான் தாங்க வேண்டும். தாங்கத் தயங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை ஓர் உதாரணம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். தனி நகராட்சி இருப்பதன் பலன் அது.

கடைசியாக, 'பொது' என்ற கணக்கில் யார் வருகிறார்கள் என்பது. 2014-இல் ஸ்போர்ட் சிங்கப்பூரின் உறுப்பினர் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜி தொடங்கியபோது, சேர்ந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விளையாட்டு வசதிகளில் செலவிட 100 வெள்ளி கிடைத்தது. நல்ல திட்டம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நீ பார்க்கும் ஆயிரக்கணக்கான அண்ணன்மார் அந்தக் கணக்கில் இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்கென்று பெஞ்சுரு, கிராஞ்சி போன்ற இடங்களில் பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. கிரிக்கெட் ஆடலாம், சாமான் வாங்கலாம், ஊருக்குப் பணம் அனுப்பலாம். அவற்றை நடத்துபவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் விடுதியிலும் கிடந்தவர், ஏழாம் நாள் வீரமாகாளியம்மன் கோயிலையும் தேக்காச் சந்தையையும் தேடி வருவது ஊர்முகம் பார்க்கத்தான். தீவின் ஓரத்தில் எவ்வளவு நல்ல மைதானம் கட்டினாலும் அந்தத் தேவை அங்கே தீராது. கொவிட் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 2022 ஜூனில் விடுதியிலிருந்து வெளியே வர விட்டபோதும், ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா போன்ற நான்கு வட்டாரங்களுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாளுக்கு 80,000 பேர் என்ற வரம்போடு. அப்படியும் விண்ணப்பித்து வந்தார்கள்.

நீ நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னாய். எழுது. திடலைக் காப்பாற்றுங்கள் என்பதோடு நிறுத்திவிடாதே. மிஞ்சும் பசுமைப் பகுதி எத்தனை மீட்டர் அகலம், அது வேலி இல்லாமல் இருக்குமா, நிழலுக்கு மரம் உண்டா, குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் ஞாயிறு இரவு பத்து மணிவரை திறந்திருக்குமா, அங்கே உட்கார வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேள். தமிழில் ஒரு பிரதியும் தயார் செய். இரண்டையும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா