திருத்தங்கலின் உஷ்ணமும் ஆஸ்பிரின் மாத்திரையும்

மழை குறைந்த வறண்ட காற்று, திருத்தங்கல், சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றத் துணைசெய்தது. அவ்வறட்சி ஆஸ்பிரினுக்கும் நன்றே. ஈரம் தீண்டின் அம்மருந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் சிதைவுறும். புட்டியைத் திறந்தவுடன் காடி வாடை கடுமையாக வீசுமாயின், விலையை எண்ணி இரங்காது அம்மாத்திரைகளை விலக்குதலே தகும்.

உஷ்ணமோ வேறு பகை. உஷ்ணத்தால் இரசாயன மாற்றம் விரைவுறும் வகையை 1889-ல் சுவீடன் தேசத்து அரீனியஸ் என்பார் சமன்பாட்டில் அமைத்தார். பத்துப் பாகை ஏற வேகம் இருமடங்காகும் என நாம் கொள்வோமாயின், 30 பாகை சென்டிகிரேடில் இரண்டாண்டு நிற்கும் மருந்து, தகரக் கூரையின்கீழ் 40 பாகையில் ஓராண்டே நிற்கும். இஃது உத்தேசமே, மருந்துதோறும் இம்மடங்கு வேறுபடும். ஆதலின் ஆய்வாளர் 40 பாகையிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு திங்கள் வைத்துச் சோதிக்கின்றனர். ஐப்பசி மழையில் நம்மூர்க் காற்றும் நனையுமாதலால், புட்டியினுள் இருக்கும் ஈரமுறிஞ்சும் பையை எறியாதிருப்போமாக.