சொல்லும் செயலும்

சங்கத் தலைவர் கூறும் சொல்லைச் சிப்பந்திகள் எப்பொழுது நம்புகின்றனர்? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

திருக்கோவிலூரை ஆண்டதாகப் பெரியபுராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அடியார் வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டு ஒழுகியவர் அவர். போரில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி அடியாரைப்போல் அரண்மனை புகுந்து, சுவடிக் கட்டில் மறைத்துவைத்த படைக்கலத்தால் அவரைக் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்கினான். அரசரோ அவனைத் தடுத்து, அவ்வேடத்தானை இடையூறின்றி நகர்க்கு வெளியே விட்டு வருமாறு பணித்தார். சினந்து சூழ்ந்த குடிகளை அரசாணை கூறி விலக்கித் தத்தன் அப்பணியை முடித்தான். அவன் மீண்டு வந்து செய்தி கூறக் கேட்ட பின்னரே அரசர் உயிர் நீத்தார்.

இது பக்தியின் பெருமை கூறும் வரலாறு. நிர்வாகம் பயில்வோர் தத்தனையும் நோக்குதல் வேண்டும். கொல்ல ஓங்கிய கையே காக்க முன்வந்தது எவ்வாறு? அரசர் தம் கொள்கைக்குச் சாகுந்தறுவாயிலும் விலக்குத் தேடாததை அவன் கண்ணாரக் கண்டான்.

அண்மைக் காலச் சான்று நெசவாளர் நன்கு உணரத்தக்கது. அயல்நாட்டுத் துணியை விலக்கச் சொன்ன காந்தியடிகள், போதிய கதர் வாங்க இயலாத ஏழையரை எண்ணி, 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் தாமே அரையாடை உடுத்தார்.

நம் சங்கங்களில் இச்சோதனை சிறு காரியங்களிலேயே நிகழ்கின்றது. தவணை தவறாதீர் என்று பேசும் தலைவரின் கடனே பாக்கி நின்றால், வசூலுக்குச் செல்லும் எழுத்தர் எம்முகத்தோடு பிறர் வாயிலில் நிற்பார்? தவணை தவறியவர் நிர்வாகக் குழுவில் இருக்கத் தகுதியற்றவர் என 1983-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் விதித்திருப்பதன் பொருள் இதுவே.

நூலை வரிசைப்படி வழங்கத் தீர்மானம் இருக்க, உறவினருக்கு முந்திக் கொடுக்கத் தலைவர் சொன்னால், அன்று முதல் இருப்புக் காப்பவர் தீர்மானத்தைப் படிக்கமாட்டார்; தலைவரின் முகத்தையே பார்ப்பார். உண்மையைக் கூறுக என்று சொல்லிவிட்டு, மணிலா மூட்டையில் எடை குறைந்ததைத் தெரிவித்த சிப்பந்தியைக் கடிந்தால், அடுத்த குறைவு மறைக்கப்படும். அது வெளிப்படும்பொழுது நட்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும்.

சொன்னவாறு செய்ய இயலாத காலமும் உண்டு. துணி விற்ற பணம் வந்து சேராமல் சம்பளம் தாமதமாகலாம். அப்பொழுது சம்பள நாளுக்கு முன்னரே சிப்பந்திகளை அழைத்துக் கணக்கைக் காட்டுக. அவர்கள் பெறும்வரை நிர்வாகஸ்தரும் தம் படியைப் பெறாதிருப்பாராக. காரணம் அறிந்தவர் பொறுப்பர். ஏமாற்றப்பட்டதாக எண்ணுபவர் பொறார்.

நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்போர் அங்கத்தினராகிய நாமே. ஆதலின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கு முன்னர்ப் பின்வருவனவற்றைச் சிந்திப்பீர்களாக:

1. நம் சங்கத் தீர்மானங்களுள் நிர்வாகஸ்தருக்கு மட்டும் தளர்த்தப்பட்டது எது?

2. குறையைத் துணிந்து கூறிய சிப்பந்திக்குக் கிடைத்தது நன்றியா, கடுஞ்சொல்லா?