எழ மறுக்கும் கணிப்பொறி

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன. விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டில்கூடச் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் வைரஸ் அல்ல. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் காவல் நிரலுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்று.

கோப்பை அழித்துவிட்டால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் சிக்கல்! அழிக்க வேண்டுமானால் கணிப்பொறி இயங்க வேண்டும். இயங்கத் தொடங்கியதுமே காவல் நிரல் எழுந்துவிடும் (காவற்காரன் முதலில் எழ வேண்டுமல்லவா?), அது அக்கோப்பைப் படிக்கும், கணிப்பொறி மறுபடி விழும்.

இத்தகைய நேரத்துக்கென்றே ‘சேஃப் மோடு’ என்ற முறை இருக்கிறது. இதில் தொடங்கினால் திரை, விசைப்பலகை, வட்டு முதலிய இன்றியமையாதவற்றுக்கான நிரல்களே நினைவகத்தில் ஏறும். வெளியார் சேர்த்த நிரல்கள் வட்டிலேயே உறங்கும். படிப்பாரில்லாத பிழைக் கோப்பால் அப்போது தீங்கில்லை. அதை அழித்துவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் இதுபோல் ‘ஒற்றைப் பயனர் முறை’ உண்டு. அங்கே நிர்வாகி ஒருவருக்கே இடம்.

நிறுவனம் 78 நிமிடங்களில் பிழைக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்துவிட்ட கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றின் முன்னே ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கத் திறவெண்ணையும் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும்.