வறட்சியும் வெள்ளமும்

நீர் இல்லையேல் துன்பம். நீர் மிகுந்தாலும் துன்பம். இவ்விரண்டையும் நாம் வெவ்வேறு இடர்களாக எண்ணுகிறோம். ஆராய்ந்து பார்த்தால், இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்பது விளங்கும்.

நமது மாநிலத்தின் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி தொடங்கி மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடுகிறது. அதனை ஆண்டு முழுவதும் பயன்படுத்தவே நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். வரத்துக் கால்வாய் நீரைக் கொணரும். கரை அதனைத் தேக்கும். மதகு வயலுக்கு அளிக்கும். மிகுந்த நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். ரமணாசிரமப் பகுதிக்கு அருகிலுள்ள சமுத்திரம் ஏரி, நல்ல மழை பெய்தால் பெயருக்கேற்பக் கடல்போல் விரியும். மழை பொய்த்தால் மாடு மேயும் தரையாகிவிடும்.

2019-ஆம் ஆண்டு சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீர் இரயிலில் சென்றது. வசதியுள்ளோர் லாரி நீரை விலைக்கு வாங்கினர். ஏழைத் தாய்மார்கள் குடங்களுடன் வரிசையில் நின்றனர்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையால் நமது அண்ணாமலையின் சரிவில் மண் இளகிப் பாறை உருண்டது. வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதையுண்டு 7 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள்! மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் ஏழைகள் விரும்பியா குடியேறுகின்றனர்? வேறிடம் வாங்க வழியில்லாமையே காரணம். உலகெங்கும் இதே நிலைதான். 200 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இன்றும் பாதுகாப்பான குடிநீர் வீடு தேடி வருவதில்லை. 2022-இல் பாகிஸ்தான் வெள்ளத்தால் 3 கோடியே 30 லட்சம் பேர் இடருற்றனர்.

நீருக்குரிய இடத்தை நாம் பறித்துக்கொண்டால், அது தங்க இடமின்றி ஓடி, ஓரிடத்தில் அழிவையும் பிறகு தாகத்தையும் விட்டுச் செல்கிறது. முதலில் வருந்துவோர் எளியவரே.

தோழியரே, பெரிய அணைகள் கட்டுதல் நம்மால் இயலாது. ஆனால் கால்வாயில் குப்பை கொட்டாதிருக்கலாம். கூரையில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கலாம். மலையடிவாரத்தில் மரக்கன்று நட்டுக் காக்கலாம். வீடு கட்டும் பெற்றோரிடம், "இது நீர் போகும் வழியா?" என்று முதலில் கேட்கலாம். அக்கேள்வியைத் துணிந்து கேட்போமாக!