பைதனிலிருந்து சீ மொழிக்கு நிறைவெண் அனுப்புதல்

மாணவர்களே, பைதனில் நிறைவெண்ணுக்கு மேலெல்லை குறிக்கப்படவில்லை. எண் பெருகப் பெருக நினைவகம் கூடுதலாக ஒதுக்கப்படும். தொகுக்கப்பட்ட சீ செய்நிரலில் 'இன்ட்' தரவு வகை அப்படியன்று. பெரும்பாலான கணினிகளில் அது 32 பிற்று. ஆகக்கூடிய பெறுமானம் 2147483647.

இவ்விரண்டையும் இணைப்பது 'சீடைப்ஸ்' (2006 இல் பைதன் 2.5 உடன் சேர்ந்தது). இதன் மூலம் 2147483648 ஐ 'சீ_இன்ட்' ஆக அனுப்பினால் வழுச் செய்தி வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வராது! ஆபத்தே அதுதான். கடைசி 32 பிற்றுகள் மட்டும் செல்லும். இடது அந்தத்திலுள்ள பிற்று 1 ஆதலால், இரண்டின் நிரப்பி முறைப்படி சீ அதனை −2147483648 என வாசிக்கும். விடையெழுதும்போது இக்காரணத்தை விடாதீர்கள்.

பெரிய எண்ணுக்கு 64 பிற்றுள்ள 'சீ_இன்ட்64' பொருந்தும். ஆனால் அழைக்கப்படும் சீ சார்பும் 64 பிற்று எண்ணையே ஏற்பதாக இருக்க வேண்டும்.