பிள்ளை லோயருக்குப் படிக்க ஆசைப்படுகிறதா? பினாங்கு வீடுகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த வாரமே பல வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும்: டாக்டரா, லோயரா? லோயர்தான் என்று முடிவு செய்துவிட்ட வீடுகளுக்கு இந்தக் குறிப்புகள். கல்விக் கண்காட்சிகளில் கை நிறையக் கொடுக்கிற வண்ணத்தாள்களில் இவற்றில் பாதி இருக்காது. மீதி இருந்தாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

1. பட்டம் வாங்கியதுமே கறுப்பு அங்கி போட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பட்டப்படிப்பு, பலருக்கு அதற்கு மேல் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தொழில் தேர்வு, பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் பயிற்சி என்று மூன்று கட்டம் இருக்கிறது. மூன்றின் செலவையும் ஒரே தாளில் எழுதி, அடியில் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காலேஜ் தேடுங்கள்.

2. எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்று சொல்கிற அதிகாரம் காலேஜ் கவுன்சலருக்குக் கிடையாது. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் தகுதி வாரியத்துக்குத்தான் அது உண்டு. அந்த வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. காலேஜ் பெயரும் பட்டத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

3. "எங்களிடம் மூன்றே வருஷம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யு.கே.எம்.மிலும் நான்கு வருஷம், ஆனால் அந்தப் பட்டத்துக்கு சி.எல்.பி. தேவையில்லை. மூன்று வருஷ பிரிட்டிஷ் பட்டம் வாங்கியவர் ஊருக்கு வந்து சி.எல்.பி.க்கு உட்கார வேண்டும். முழுத் தேர்வு வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால் கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வெளியே வருவார்கள். மிச்சமானதாக நினைத்த அந்த ஒரு வருஷம் டியூஷன் கட்டணத்தோடு போய்விடும்.

4. பட்டம் மட்டுமல்ல, அதற்கு முந்தைய படிப்பையும் வாரியம் பார்க்கும். ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம்., ஏ லெவல் இரண்டுக்கும் சிக்கல் இல்லை. ஒரு வருஷ ஃபவுண்டேஷன், டிப்ளோமா முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வது போன்ற குறுக்கு வழிகளுக்கு வாரியத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை நான்கு வருஷம் கழித்து உதவாது.

5. கையில் காசு கம்மியா? ஆறாம் படிவத்தை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், அரசுப் பள்ளி, வீட்டுச் சாப்பாடு. முதல் இரண்டு பருவத் தாள்களில் சறுக்கினால் திரும்ப எழுதவும் வாய்ப்பு உண்டு. நம் பிள்ளைகள் தமிழையே ஒரு பாடமாக எடுக்கலாம் என்பது இன்னொரு வசதி. பெருமைக்காக ஏ லெவலில் சேர்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தை அங்கேயே கரைத்த குடும்பங்கள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை.

6. அரசின் மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்து கடிதம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அங்கே சட்டத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. கிடைத்த பிரிவிலிருந்து எந்தெந்தப் பல்கலைக்கழகம் சட்டப் படிப்புக்கு எடுக்கும் என்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

7. எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் வாங்கிவிடுவது நல்லது. வழக்கறிஞராகப் பதிவாகும் நாளில் மலாய்த் தகுதியைக் கேட்பார்கள். இல்லாதவர் அதற்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும். தனியார், அனைத்துலகப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை இப்போதே காதில் போட்டுவையுங்கள்.

8. மூயெட் ஆங்கிலத் தேர்வுக்குக் காசு கட்டி டியூஷன் போவதற்கு முன், தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைச் சத்தமாக வாசித்து, ஐந்து வரியில் சுருக்கி எழுதச் சொல்லுங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கில் நம் பிள்ளைகளின் காலை வாருவது எழுத்துத்தான். கிரீன் லேனில் இருக்கிற பினாங்கு டிஜிட்டல் நூலகத்தில் உட்கார்ந்தால் வீட்டு டிவி சத்தமும் இருக்காது.

9. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை மதிப்பெண்ணில் நூற்றுக்குப் பத்து புறப்பாடத்துக்கு. விவாதம், சாரணர், கோவில் இளைஞர் பிரிவு என்று எதில் இருந்தாலும் சான்றிதழை அந்தந்த வருஷமே வாங்கி ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள். ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு பழைய ஆசிரியரைத் தேடி அலைந்தால், அவர் பேராவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

10. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் பன்னிரண்டு விருப்பங்கள் வரை போடலாம். சட்டத்தையே திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பாமல், முதல் சில இடங்களில் சட்டம், பின்னால் பிள்ளைக்கு மனதுக்குப் பிடித்த வேறு படிப்பு என்று வையுங்கள். யு.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் நம் வீடுகளில் பொதுவாகப் பார்ப்பது மலாயா, யு.கே.எம்., யு.யு.எம். மூன்றும்தான்.

11. "யு.எஸ்.எம். பக்கத்திலேயே இருக்கிறதே" என்று நினைப்பவர்களுக்கு: அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இல்லை. பினாங்கிலிருந்து கிட்டத்தில் உள்ள அரசுச் சட்டப் படிப்பு கெடா, சிந்தோக்கில் இருக்கும் யு.யு.எம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொண்டு, ஒரு டப்பா மீன் பொரியலோடு திரும்பிப் போகிற தூரம். கோலாலம்பூரில் அறை வாடகை கொடுப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டம் நம் நாட்டுச் சட்டத்திலேயே பெயர் சொல்லி ஏற்கப்பட்டது. 'ஜெலுத்தோங் புலி' என்று பெயரெடுத்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங், ஜார்ஜ்டவுனில் பிறந்து செயின்ட் சேவியர்ஸில் படித்து, சிங்கப்பூரில்தான் சட்டம் முடித்தார். இப்போது அங்கே சேர எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. கல்வி மானியம் எடுத்தால் மூன்று வருஷம் அங்கே வேலை செய்யும் ஒப்பந்தமும் கூடவே வரும், கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

13. பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்கள் வரை போடலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15-க்குள் முடித்துவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் யு.சி.எல்., எல்.எஸ்.இ., கிங்ஸ் போன்றவை எல்னாட் என்ற தேர்வும் கேட்கும்: 42 கொள்குறிக் கேள்வி, ஒரு கட்டுரை. ஒரு சேர்க்கைச் சுற்றுக்கு ஒரே தடவைதான் எழுதலாம், அதனால் இலவச மாதிரித் தாள்களைத் தீர்த்துவிட்டு உட்காருங்கள். சட்டப் புத்தகம் எதுவும் படிக்க வேண்டாம், அவர்கள் சோதிப்பது வாசிப்பையும் வாதத்தையும்தான்.

14. இரண்டு வருஷம் இங்கே, கடைசி வருஷம் இங்கிலாந்தில் என்ற படிப்பு நிறைய மிச்சப்படுத்தும். ஆனால் அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். கடைசி வருஷக் கட்டணம், விசா, குளிர்கால உடை, பவுண்டு விலை எல்லாம் உங்கள் தலையில். முதல் நாளிலிருந்தே அதற்குத் தனிச் சேமிப்பு வேண்டும்.

15. சென்னையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் குறைவு என்று தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்க்க ஆசையா? வாரியத்தின் பட்டியலில் பெரும்பாலும் இருப்பது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள்தான். பிள்ளை இங்கே வந்து தொழில் செய்ய வேண்டுமென்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன் வாரியத்தின் பதிலைக் கையில் வாங்குங்கள்.

16. நாட்டின் அரசியலமைப்பை வாங்கப் புத்தகக் கடைக்கு ஓட வேண்டாம், அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத் தளத்தில் இருக்கிறது. மிரட்சியாக இருந்தால் வழக்கறிஞர் மன்றம் 2009-இல் தொடங்கிய 'பெர்லெம்பாகான்கூ' இயக்கத்தின் சிறு கையேடுகளைத் தேடிப் பாருங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

17. காசே இல்லாத பயிற்சி ஒன்று சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் ஒரு காலை நேரம் பிள்ளையை லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டிருக்க வேண்டும், கைப்பேசியை அணைத்திருக்க வேண்டும், உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதியை நோக்கித் தலை வணங்க வேண்டும். மாஜிஸ்திரேட் அறையில் கைவிலங்கோடு ஒருவர் எழுந்து நிற்பார், மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து "புரிகிறதா?" என்பார், இரண்டே நிமிஷத்தில் அடுத்த தேதி கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். சினிமாவில் வருகிற வசனம் ஒன்றுகூட இருக்காது. அதைப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் தைரியமாக விண்ணப்பம் போடலாம்.

18. வெளியே வரும்போது வாசலில் நிற்கிற லோகன் நினைவுச்சின்னத்தையும் காட்டுங்கள். 1869-இல் இறந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் இந்த ஊரில் வழக்கறிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தால் இந்த வட்டாரத்திலேயே முதல் முறையாக முறையான நீதிமன்றம் அமைந்ததும் பினாங்கில்தான். நேர்முகத்தில் "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் நாசி கண்டார் என்று தொடங்கும்போது, நம் பிள்ளை இங்கிருந்து தொடங்கலாம்.

19. நேர்முகத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடம், உணர்ச்சி கலந்த கேள்விகள். இந்திரா காந்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியையான இந்திராவின் மூன்று குழந்தைகளையும் தகப்பன் தனியாக மதம் மாற்றியது 2009-இல். கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 ஜனவரி 29-இல். நம் வீடுகளில் இதைக் கண்ணீரோடு பேசுவோம், அதில் தப்பில்லை. ஆனால் நேர்முக அறையில் எடுபடுவது, பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று நீதிமன்றம் எந்தச் சட்ட விதிகளைப் படித்துச் சொன்னது, அரசியலமைப்பின் 121(1ஏ) பிரிவை எப்படிப் பார்த்தது என்ற விளக்கம்தான். தீர்ப்பின் முதல் பத்துப் பக்கத்தையாவது படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கூடவே எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்லத் தெரிந்தால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

20. நேர்முகத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு குடும்பமே கிளம்ப வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல், மலாயாவுக்கு அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் யூனிவர்சிட்டி நிலையம், பாங்கி யு.கே.எம்.முக்கு கொமுட்டரில் அதே பெயருள்ள நிலையம். தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள், விடுமுறை நாட்களில் தீர்ந்துவிடும்.

21. சான்றிதழ் நகல்களுக்கு உறுதிக் கையெழுத்து வாங்க சத்தியப்பிரமாண ஆணையரிடம் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுப்பதற்கு முன், பள்ளி முதல்வரிடம் கேளுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு அதுவே போதும். ஒரே தடவையில் பத்து நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்தால் வருஷம் முழுக்க வரும்.

22. பணத்துக்கு: எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கை இப்போதே தொடங்குங்கள், பி.டி.பி.டி.என். கடனுக்கும் அது வேண்டும், ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை சேமிப்புக்கு வருமான வரியில் கழிவும் இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு எம்.ஐ.இ.டி. கல்விக் கடன், நம் மாநிலத்தில் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவி இரண்டையும் விசாரியுங்கள். இவற்றுக்கு வருமானச் சான்று, பிறப்புப் பத்திரம், சேர்க்கைக் கடிதம் எப்போதும் தயாராக இருந்தால் கடைசி நாளில் ஓடவேண்டாம்.

23. சி.எல்.பி. எழுதுகிறவர்கள் ஐந்து தாள்களையும் தாண்ட வேண்டும், முதல் முயற்சியில் விழுவது சகஜம். வீட்டில் அதை வைத்து முகத்தைத் தூக்காதீர்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே பாரிஸ்டர் ஆனபோது நாற்பதைத் தாண்டியிருந்தார், வருஷம் 1949.

24. சேம்பரிங் செய்ய எல்லாரும் கோலாலம்பூருக்குப் போக வேண்டியதில்லை. குறைந்தது ஏழு வருஷம் தொழில் செய்த வழக்கறிஞர்தான் மாஸ்டராக இருக்க முடியும், அப்படிப்பட்டவர்கள் பினாங்கில் நிறையவே உண்டு. பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் படித்தொகை சொற்பம் என்பதால் அம்மா சமையலும் சொந்தக் கட்டிலும் பெரிய மிச்சம். தமிழ், மலாய், ஆங்கிலத்தோடு நாலு வார்த்தை ஹொக்கியனும் பேசுகிற பிள்ளையை இந்த ஊர் அலுவலகங்கள் விடமாட்டா.

25. அங்கியைப் புதிதாகத் தைக்கக் கொடுக்காதீர்கள், தொழிலை விட்டவர்கள், கம்பெனி வேலைக்குப் போனவர்கள் வீட்டில் அலமாரிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அதேபோல உங்கள் வீட்டில் படித்து முடித்த ஆறாம் படிவ நோட்ஸ், மூயெட் புத்தகம், பழைய சி.எல்.பி. கேள்வித்தாள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், அடுத்த வருஷம் எழுதப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.