இடது கை மயிலும் வலது கை மயிலும்: எம்பிராய்டரி கோப்புகளை வகைப்படுத்துவோம்



இரண்டாம் படிவ அறிவியலில் உயிரினங்களை வகைப்படுத்தக் கற்றிருப்பீர்கள். முதுகெலும்பு உண்டா, இல்லையா? சிறகு உண்டா, இல்லையா? இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே போகும் 'கெகுஞ்சி டிகோத்தோமி' உங்களுக்கு நினைவிருக்கும். "இதெல்லாம் தேர்வுக்குத்தானே சார், வீட்டில் எதற்கு உதவப்போகிறது?" என்று வகுப்பில் ஒரு குரல் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு மயிலின் கதையைச் சொல்கிறேன்.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் என் மாணவன் ஒருவனின் அம்மா, வீட்டிலேயே ரவிக்கைகளுக்குக் கணினி எம்பிராய்டரி போட்டுத் தருகிறார். வடிவங்களை இணையத்திலிருந்து பதிவிறக்கி, விரலியில் ஏற்றி, இயந்திரத்தில் செருகிக் கொடுப்பது மகனின் வேலை. தீபாவளிக்கு முன் ஒரு பட்டு ரவிக்கை வந்தது. வலது கையில் மயில் தைத்தாயிற்று. மறுநாள் இடது கைக்கு அதே மயில் வேண்டும். மடிக்கணினியில் 'மயில்', 'மயில்1', 'மயில் புதுசு', 'மயில் கடைசி' என்று நான்கு கோப்புகள் இருந்தன. அவன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தைத்து முடித்து இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது மயில் ஒரு சென்டிமீட்டர் குட்டை!

நூலைப் பிரித்தார்கள். பட்டில் ஊசித்துளைகள் அப்படியே நின்றன. அம்மா தன் கைக்காசில் புதுத்துணி வாங்கிக் கொடுத்தார். இரண்டு இரவு உழைப்புக்கும் கூலி இல்லை.

அந்த மாணவன் சோம்பேறி இல்லை. அவனுக்குக் கணினி நன்றாகவே தெரியும். அவனிடம் இல்லாதது வகைப்பாடு. அதை எப்படி உருவாக்குவது என்று பார்ப்போம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

ஒன்றை வகைப்படுத்த வேண்டுமானால் முதலில் அதன் பண்புகள் தெரிய வேண்டும். எம்பிராய்டரி கோப்பு என்பது படம் அன்று. ஊசிக்கும் துணிக்கும் தரப்படும் கட்டளைகளின் பட்டியல். "இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே நகர், குத்து" என்பதே ஒவ்வொரு கட்டளையும்.

இயந்திர நிறுவனங்கள் தங்களுக்கென்று தனித்தனிக் கோப்பு வகை வைத்திருக்கின்றன. பிரதர் இயந்திரம் பி.இ.எஸ். வகையைப் படிக்கும், ஜனோம் இயந்திரம் ஜே.இ.எஃப். வகையைப் படிக்கும். ஜப்பானின் டாஜிமா நிறுவனத்தின் டி.எஸ்.டி. வகையைப் பெரும்பாலான தொழிற்கூட இயந்திரங்கள் படிக்கும்.

டி.எஸ்.டி. கோப்பில் ஓர் அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. அதில் நகர்வின் மிகச் சிறிய அளவு 0.1 மில்லிமீட்டர். 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியும் கழித்தும் எல்லா நகர்வுகளையும் அது எழுதிவிடுகிறது. சந்தைத் தராசில் இரண்டு தட்டிலும் படிக்கற்களை வைத்து எடை போடுவது போலத்தான். 5 மில்லிமீட்டர் நகர வேண்டுமா? அது 50 அலகு. 81 − 27 − 3 − 1 = 50. ஐந்தையும் கூட்டினால் 121 வரும். ஆகவே ஒரே கட்டளையில் ஒரு திசையில் போகக்கூடிய அதிகத் தொலைவு 12.1 மில்லிமீட்டர்.

ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டல், கழித்தல் என இரண்டு சுவிட்சுகள். ஐந்து எண்ணுக்குப் பத்து. இட–வலத்துக்குப் பத்து, மேல்–கீழுக்குப் பத்து, ஆக 20 பிட். குதி, நில் போன்ற கட்டளைகளுக்காக இன்னும் 4 பிட். மொத்தம் 24 பிட், அதாவது 3 பைட். ஒரு தையலுக்கு மூன்றே பைட்!

இந்தச் சிக்கனத்தால் ஓர் இழப்பும் உண்டு. டி.எஸ்.டி. கோப்பில் நூலின் நிறம் பதிவாவதில்லை. "இங்கே நில், நூலை மாற்று" என்று மட்டுமே அது சொல்லும். எந்த நிற நூல் என்பதை நாம்தான் குறித்து வைக்க வேண்டும். குறிக்காவிட்டால் இலை சிவப்பாகவும் பூ பச்சையாகவும் வந்து நிற்கும்.

குறை இடத்தில் இல்லை, தேடலில் இருக்கிறது

10,000 தையல் கொண்ட மயிலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 10,000 × 3 = 30,000 பைட். கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதிக்கு 512 பைட். மொத்தம் 30,512 பைட். உங்கள் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்தின் இடத்தில் ஏறக்குறைய நூறு மயில்கள் அடங்கும். 16 கிகாபைட் விரலியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் அடங்கும். இடப்பஞ்சம் இல்லை. அதனால்தான் கண்டதையெல்லாம் பதிவிறக்கிக் குவிக்கிறோம்.

ஒழுங்கில்லாத 1,000 கோப்புகளில் ஒன்றைத் தேடினால் சராசரியாக 500 கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அவை வரிசையில் இருந்தால்? நடுவில் உள்ளதைப் பாருங்கள். தேடுவது அதற்கு முன்னா, பின்னா என்று முடிவு செய்யுங்கள். ஒரு பாதியை ஒதுக்குங்கள். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் 10 தடவையில் கிடைத்துவிடும். 2-இன் பத்தாம் அடுக்கு 1,024 என்பதை எண்ணிப் பாருங்கள்.

சீர்காழிக்காரர் கண்ட வழி

"சரி, கோப்புறை போட்டுப் பிரித்துவிடலாம்" என்பீர்கள். பறவை என்று ஒரு கோப்புறை, பூ என்று ஒன்று, கரை என்று ஒன்று. ஆனால் தாமரைமேல் நிற்கும் மயில், கைக்கரையாகத் தைக்கப்படுகிறது. அதைப் பறவையில் வைப்பதா, பூவில் வைப்பதா, கரையில் வைப்பதா? மூன்றிலும் பிரதி எடுத்து வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் பழையபடியே இருந்துவிடும். நம் மாணவனின் நான்கு மயில்கள் பிறந்தது இப்படித்தான்.

இதே சிக்கல் நூலகங்களிலும் இருந்தது. ஒரு புத்தகத்தை ஒரே அலமாரியில்தான் வைக்க முடியும். ஆனால் அது பல பொருளைப் பேசும். இதற்கு விடை கண்டவர்களுள் முக்கியமானவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே சில துண்டுகளைச் சேர்த்து வெவ்வேறு உருவங்கள் செய்ய முடிவதைக் கண்டதும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பொருள்களுக்கு முன்கூட்டியே பெட்டிகள் செய்து வைக்காமல், ஒவ்வொரு பொருளையும் அதன் கூறுகளாகப் பிரித்து, அந்தக் கூறுகளைச் சேர்த்து எழுதினால் என்ன? 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இந்த அடிப்படையில் எழுந்தது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் ஒன்று.

மயிலைக் கூறுகளாகப் பிரிப்போம். உருவம்: மயில், தாமரை. தைக்கும் இடம்: கை. அகலம்: 98 மி.மீ. உயரம்: 76 மி.மீ. நிறங்கள்: 5. இனி அதை எந்தக் கோப்புறையில் வைத்தாலும் கவலையில்லை. எந்தக் கூற்றைக் கொண்டு தேடினாலும் அது அகப்படும்.

மாறாத எண்

இன்னொரு பாடம் நம் கெடாவிலேயே இருக்கிறது. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியை ஆய்வாளர்கள் 'தளம் 8' என்று குறிப்பிடுவார்கள். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளர், தான் கண்ட இடிபாடுகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார். இடங்களின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதலாம், எண் மாறாது. ஒரு மணியையோ பானை ஓட்டையோ எடுக்கும்போது, எந்தத் தளத்தில் கிடைத்தது என்று எழுதாமல் விட்டால் அந்தப் பொருளின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கோப்பும் அப்படித்தான். 'மயில் கடைசி' என்பது பெயராகாது. நாளைக்கே 'மயில் கடைசி 2' வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் 0001, 0002 என்று நிலையான எண் கொடுங்கள். முன்னால் பூச்சியம் ஏன்? எழுத்து வரிசையில் அடுக்கும் கருவிகளில் 1-க்குப் பின் 10 வந்து, அதன் பிறகுதான் 2 வரும். 0001, 0002, 0010 என்று எழுதினால் வரிசை குலையாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய இயந்திரத் திரைகள் சில, நீண்ட பெயரையும் தமிழ் எழுத்தையும் காட்டா. நான்கு இலக்க எண்ணை எல்லா இயந்திரமும் காட்டும்.

செய்து பாருங்கள்

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அதன்பிறகே வேலையைத் தொடங்குங்கள். 'ஜிப்' பொதிகளைப் பிரித்து, உங்கள் இயந்திரம் படிக்கும் வகையையும் மூலக் கோப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இரட்டைகளைக் களையுங்கள். பெயரை நம்ப வேண்டாம். பைட் அளவு ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கீட்டைச் செய்யும் மென்பொருள் உண்டு. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு 'விரல்ரேகை' தரும். ஒரு தையல் மாறினாலும் ரேகை முழுதும் மாறிவிடும். ரேகை ஒன்றாக இருந்தால் ஒன்றை அழித்துவிடலாம்.

3. அளவைக் கண்டறியுங்கள். டி.எஸ்.டி. கோப்பின் பிரதி ஒன்றை நோட்பேட் செயலியில் திறந்தால், புரியாத குறிகளுக்கு முன்னால் தலைப்பகுதி தெரியும். அதில் எஸ்.டி. என்பதற்கு அருகில் தையல் எண்ணிக்கை, சி.ஓ. என்பதற்கு அருகில் நிறமாற்றம். கூட்டல் எக்ஸ், கழித்தல் எக்ஸ் இரண்டின் மதிப்பையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் அகலம் மில்லிமீட்டரில் வரும். 490 + 490 = 980; அகலம் 98 மி.மீ. ஒய் மதிப்புகள் உயரத்தைத் தரும். பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். சேமித்தால் கோப்பு கெட்டுவிடும்.

4. ஒரு விரிதாளில் அட்டவணை போடுங்கள். எண், உருவம், தைக்கும் இடம், அகலம், உயரம், தையல் எண்ணிக்கை, நூல் நிறங்களின் வரிசை, எங்கிருந்து பெற்றது, தைத்துப் பார்த்த நாள், குறிப்பு. நாளை 2024-10-05 என்பதுபோல ஆண்டு முதலில் வர எழுதினால் வரிசைப்படுத்த எளிது. பல வீட்டு இயந்திரங்களின் தையல் வளையம் 100 மி.மீ. சதுரம்தான். 'மயில், கை, அகலம் 100-க்குள்' என்று வடிகட்டினால் பொருத்தமானவை மட்டும் வந்து நிற்கும்.

5. உரிமத்தையும் எழுதுங்கள். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக அதைத் தைத்து விற்கலாம் என்று பொருளில்லை. வடிவமும் ஒருவரின் படைப்பு. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்புகளைக் காக்கிறது. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் அதையும் அட்டவணையில் குறியுங்கள்.

6. அளவு மாற்றினால் புது எண் கொடுங்கள். தையல் கோப்பை இருமடங்கு பெரிதாக்கினால், 0.4 மி.மீ. இடைவெளியில் இருந்த நூல்கள் 0.8 மி.மீ. தள்ளிப் போய்த் துணி வெளியே தெரியலாம். பாதியாகச் சுருக்கினால் நூல் நெருங்கித் துணி விறைக்கும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் மூலக் கோப்பிலிருந்துதான் செய்ய வேண்டும். அதனால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

ஒரே பிரதி போதாது

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சேறும் மரக்கட்டைகளும் வீடுகளுக்குள் புகுந்தன. அப்படி ஒரு நாளில் மடிக்கணினியும் அதன் அருகில் இருக்கும் விரலியும் சேர்ந்தே நனையும். ஆகவே '3–2–1' விதியை நினைவில் வையுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். மடிக்கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று, சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. அட்டவணையையும் சேர்த்தே பிரதி எடுங்கள். அட்டவணை தொலைந்தால் 0042 என்பது வெறும் எண்தான்.

நம் மாணவனின் நான்கு மயில்களுக்கும் இப்போது நான்கு எண்கள் உண்டு. வலது கையில் தைத்தது 0042, அகலம் 98 மி.மீ.; இடது கையில் தவறாக வந்தது 0043, அகலம் 88 மி.மீ. தலைப்பகுதியைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது அவன் அம்மா ரவிக்கைச் சீட்டில் அளவோடு கோப்பின் எண்ணையும் எழுதி வைக்கிறார். ஒரு வருடம் கழித்து அதே வாடிக்கையாளர் வந்து "அதே மயில்" என்று கேட்டாலும் தேட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இல்லாமல் இருக்கலாம். அப்பாவின் கைப்பேசியில் பெயரில்லாமல் குவிந்திருக்கும் படங்களும், உங்கள் பள்ளிப் பயிற்றிகளும் இதே வகைப்பாட்டுக்குக் காத்திருக்கின்றன.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 1, 3, 9, 27, 81 ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் 100-ஐ உருவாக்குங்கள். ஒவ்வோர் எண்ணையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

2. 24,000 தையல் கொண்ட டி.எஸ்.டி. கோப்பின் அளவு எத்தனை பைட்? நிமிடத்துக்கு 600 தையல் போடும் இயந்திரம் அதைத் தைத்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? நூல் மாற்றும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

3. மயில், அன்னம், கிளி, தாமரை, மல்லிகை, மாங்காய், இலைக்கொடி, யானை ஆகிய எட்டு வடிவங்களுக்கு ஒரு 'கெகுஞ்சி டிகோத்தோமி' வரையுங்கள். எத்தனை கேள்விகள் தேவைப்பட்டன?